மூன்றாவது தடவையும் காஸ் இறங்கிவிட்டது: ஆர்32 காஸ் உள்ள இன்வெர்ட்டர் ஏசியில் லீக்கை எங்கே தேடுவது?

வெள்ளவத்தை_ஏசி:

அண்ணன்மாருக்கு வணக்கம். நான் இந்தத் தொழிலுக்கு வந்து இரண்டரை வருடம். ஒரு சின்னக் கடையில் வேலை செய்கிறேன். ஒரு வீட்டு ஏசி என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

மரைன் டிரைவ் பக்கம் ஒரு தொடர்மாடி, நாலாம் மாடி, படுக்கையறை. 18,000 பிடியூ இன்வெர்ட்டர் (கம்ப்ரசர் வேகம் கூடிக் குறைகிற வகை), உள்ளே ஆர்32 காஸ், போட்டு மூன்று வருடம். அவுட்டோர் யூனிட் பல்கனியில் இருக்கிறது. கீழே ரயில் பாதை, அதற்கு அங்கால் கடல். ஜனவரியில் முதல் தடவை கூப்பிட்டார்கள். ஏசி ஓடுகிறது, அறை குளிரவில்லை. இன்டோர் காயிலின் (காஸ் ஓடுகிற செம்புக் குழாய்ச் சுருளின்) ஒரு ஓரத்தில் மட்டும் ஐஸ் கட்டியிருந்தது. பிரஷர் பார்க்கிற கேஜ் போட்டேன், 85 பிஎஸ்ஐ. 125 வரும்வரை காஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மார்ச்சில் அதே பிரச்சினை. நட்டுகளில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, மறுபடி ஏற்றினேன். போன கிழமை மூன்றாவது தடவை.

அந்த வீட்டில் ஒரு அன்ரி தனியாக இருக்கிறார். அவர் கோபப்படவில்லை. "தம்பி, இது குசினிக் காஸ் மாதிரி முடிய முடிய வாங்க வேண்டியதா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. கடையில் கேட்டால், கடற்கரை வீடு அப்படித்தான், ஏற்றிவிட்டு வா என்கிறார்கள்.

எங்கே தேடுவது? இன்டோரா, அவுட்டோரா, சுவருக்குள் போகிற பைப்பா? இன்னொன்று. இப்போது கடையில் ஆர்410ஏ என்ற வேறு காஸ் சிலிண்டர்தான் இருக்கிறது. பிரஷர் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, அவசரத்துக்கு அதை ஏற்றலாமா?

தெஹிவளை_கூல்:

தம்பி, முதலில் இன்டோருக்குப் பின்னால் இருக்கிற பிளேர் ஜொயின்டை (பைப்பின் வாயை விரித்து நட்டால் இறுக்குகிற இணைப்பை) பாருங்கள். டேப்பும் இன்சுலேஷனும் சுற்றியிருப்பதால் அதை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பிரித்ததும் விரலால் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அங்கேதான் லீக். கால் அங்குல நட்டுக்கு 15 நியூட்டன் மீட்டர், அரை அங்குலத்துக்கு 50 அளவில், டோர்க் ஸ்பனரால் இறுக்குங்கள். கைக்கணக்கில் இறுக்கினால் ஒன்று லூசாக இருக்கும், இல்லாவிட்டால் பிளேர் வெடிக்கும்.

அங்கே இல்லையென்றால், ஓட்டையை உள்ளிருந்தே அடைக்கிற லீக் சீலர் டின் ஒன்று வாங்கி ஏற்றிப் பாருங்கள். எனக்கு ஒரு இடத்தில் வேலை செய்தது.

மருதானை_26வருடம்:

தம்பி, அந்த அன்ரி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. ஏசிக்குள் காஸ் செலவாகிற பொருள் இல்லை. மூடிய வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து வருடம் ஓடினாலும் யூனிட்டில் ஒட்டியிருக்கிற பிளேட்டில் எழுதிய கிராம் உள்ளே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் காணாமல் மூன்றாவது தடவையும் ஏற்றாதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொட்டாஞ்சேனையில் ஒரு தையல் கடைக்கு நான் ஒரே வருடத்தில் நாலு தடவை காஸ் ஏற்றியவன். 12,000 பிடியூ, ஆர்22. ஒவ்வொரு தடவையும் காஸ் ஏற்றுகிற வாயில் இருக்கிற பின் (ஊசி) வால்வை மாற்றினேன், மூடியை இறுக்கினேன், காசு வாங்கினேன். ஐந்தாவது தடவை அவர் வேறு ஒருவரைக் கூப்பிட்டார். அந்த மனிதர் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டார். இன்டோர் காயிலின் ஓரத்தில் ஒரு யூ வளைவு, இரும்புத் தகட்டோடு உரசி உரசித் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. கடைக்காரர் எனக்குப் போன் எடுத்து விஷயத்தை மட்டும் சொன்னார், ஒரு சொல் ஏசவில்லை. நான் போய் நாலு தடவைக் காசையும் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து நைட்ரஜன் இல்லாமல் லீக் வேலைக்குப் போனதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த 85 பிஎஸ்ஐயில் ஆர்32 கிட்டத்தட்ட −5 டிகிரியில் கொதிக்கும். அதனால்தான் காயிலின் ஓரத்தில் ஐஸ். 125 என்றால் 5 டிகிரியை ஒட்டி. அந்தக் கணக்கு சரிதான். ஆனால் இன்வெர்ட்டரில் அந்த முள்ளை நம்பி அளவு வைக்க முடியாது. கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டினால் முள் இறங்கும், குறைத்தால் ஏறும். காஸ் போகிற அளவைக் கட்டுப்படுத்துகிற எலக்ட்ரோனிக் எக்ஸ்பான்ஷன் வால்வும் தன் பாட்டுக்குத் திறந்து மூடும். நீங்கள் 125 பார்த்த நேரத்தில் கம்ப்ரசர் எந்த வேகத்தில் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் இதுவரை எவ்வளவு ஏற்றினீர்கள், எவ்வளவு போய்விட்டது என்பதும் தெரியாது. தராசு வேண்டும்.

முதல் வேலை, உள்ளே இருக்கிற காஸை ரிக்கவரி மெஷினால் இழுத்து நிறுங்கள். ஆர்32க்குத் தகுந்த மெஷின், தகுந்த சிலிண்டர், 80 வீதத்துக்கு மேல் நிரப்பக்கூடாது. கம்ப்ரசரை ஓட்டியே காஸை அவுட்டோருக்குள் அடைத்து, அதாவது பம்ப் டவுன் பண்ணி, வேலையைச் சுருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஓட்டையுள்ள யூனிட்டைப் பம்ப் டவுன் பண்ணும்போது லோ சைட் (கம்ப்ரசர் உறிஞ்சுகிற பக்கம்) வெக்கியூமுக்குப் போனால் ஓட்டை வழியாகக் காற்றை இழுக்கும். காற்றும் எண்ணெயும் சேர்ந்து கம்ப்ரசருக்குள் நெருக்கப்பட்டால் டீசல் எஞ்சின் மாதிரிப் பற்றும், கம்ப்ரசரே வெடிக்கும். இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

எடை பார்த்தபின், வெற்று யூனிட்டுக்குள் நைட்ரஜன் ஏற்றி, பிரஷர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ரெகுலேட்டர் இல்லாமல் சிலிண்டரைத் தொடவே வேண்டாம், நிரம்பிய சிலிண்டருக்குள் 2,000 பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும். ஒக்சிஜன் போட்டுப் பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள். எண்ணெயோடு சேர்ந்தால் அது குண்டு. 50 பிஎஸ்ஐ வைத்து ஐந்து நிமிடம், பிறகு 200, பிறகு 450. பிளேட்டில் போட்டிருக்கிற உச்ச அளவைத் தாண்டக்கூடாது.

இப்போது பாதியாகப் பிரியுங்கள். அவுட்டோரில் இருக்கிற சர்வீஸ் வால்வு இரண்டையும் மூடினால், கேஜ் பூட்டுகிற சர்வீஸ் போர்ட் பைப்போடும் இன்டோரோடும் மட்டும்தான் தொடர்பில் இருக்கும். அப்படியே ஒரு இரவு விடுங்கள். அடுத்த நாள் பைப்பைக் கழற்றி, அவுட்டோரின் இரண்டு வாயையும் பிளேர் மூடியால் அடைத்து, வால்வுகளைத் திறந்து, அதற்குத் தனியாக ஒரு இரவு. பிரஷர், வெப்பநிலை, நேரம் மூன்றையும் மாஸ்கிங் டேப்பில் எழுதி யூனிட்டிலேயே ஒட்டுங்கள்.

வெப்பநிலை எதற்கு என்று பல பேருக்கு விளங்குவதில்லை. பின்னேரம் 34 டிகிரியில் 450 வைத்தீர்கள், விடியற்காலை 26 டிகிரி. ஓட்டையே இல்லாமல் முள் 438க்கு வந்து நிற்கும். 450ஓடு காற்றழுத்தம் 14.7ஐக் கூட்டி, காலை வெப்பநிலையோடு 273ஐக் கூட்டியதால் பெருக்கி, மாலை வெப்பநிலையோடு 273ஐக் கூட்டியதால் வகுத்து, திரும்ப 14.7ஐக் கழித்துப் பாருங்கள். இந்தக் கணக்கு தெரியாமல் நல்ல காயிலைக் கழற்றி எறிந்த இடங்களும் உண்டு.

ஒரு பக்கம் இறங்குகிறது என்று தெரிந்தபின்தான் நுரை. கடைச் சவர்க்காரத் தண்ணியைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும், கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் காயாமல் நிற்கும். பெரிய ஓட்டை உடனே குமிழ் விடும். ஊசிமுனை ஓட்டை அப்படி இல்லை. பத்து நிமிடம் கழித்து, எச்சில் நுரை மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டுக் கட்டும். பல்கனியில் கடற்காற்று அடித்தால் அதற்குள் நுரை காய்ந்துவிடும், காற்று எழும்புவதற்கு முன் காலையிலேயே செய்யுங்கள். ஒரு டோர்ச், ஒரு சின்னக் கண்ணாடி கையில் இருக்கட்டும்.

தெஹிவளைத் தம்பி சொன்ன எண்ணெய்ப் பிசுக்கு பைப்புக்குச் சரி. ஆனால் இன்டோர் காயிலுக்கு அது உதவாது. அங்கே ஏசி ஓடும் நேரமெல்லாம் தண்ணி வழிகிறது, எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் இன்டோர் லீக் கண்ணில் படுவதில்லை. அதற்கு ஒரு வழி இருக்கிறது. காஸ் காற்றைவிடக் கனமானது. யூனிட்டை நிறுத்தி, அறையில் ஃபேனும் இல்லாமல் அரை மணி நேரம் விட்டு, தண்ணித் தட்டிலும் வடிகால் குழாய் வாயிலும் டிடெக்டரைப் பிடியுங்கள். காஸ் உள்ளே இருக்கும்போதே, ரிக்கவரிக்கு முன்னம், இதைச் செய்ய வேண்டும். டிடெக்டர் ஆர்32ஐ உணரக்கூடியதா என்று பாருங்கள். குளோரினை மட்டும் பிடிக்கிற பழைய வகை, ஆர்32 பக்கத்திலேயே இருந்தாலும் பேசாது.

லீக் சீலர் வேண்டவே வேண்டாம். சில வகை ஈரம் பட்டதும் இறுகும். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தால் வால்விலேயே இறுகிவிடும். உங்கள் கேஜ் ஹோஸ், ரிக்கவரி மெஷின் எல்லாவற்றுக்குள்ளும் போகும். அடுத்து வரும் டெக்னீஷியனுக்கு உள்ளே அது இருப்பதே தெரியாது.

குளிரூட்டல்_வகுப்பு:

நான் பயிற்சி நிலையம் ஒன்றில் இந்தப் பாடம் எடுக்கிறேன். அண்ணா எல்லாம் சொல்லிவிட்டார், விடுபட்ட மூன்று விஷயம் மட்டும்.

தம்பி, ஆர்410ஏயை அதற்குள் ஏற்றாதீர்கள். பிரஷர் ஒத்துப்போவதற்குக் காரணம், ஆர்410ஏயில் எடைக்குப் பாதி ஆர்32தான். மற்றப் பாதி ஆர்125. கலந்தால் உள்ளே என்ன விகிதம் என்று யாருக்கும் தெரியாது, எந்த அட்டவணையும் பொருந்தாது, பிறகு இழுத்தெடுக்கும் காஸ் எதற்கும் உதவாது. புவி வெப்பமாதல் கணக்கிலும் (கார்பன் டையொக்சைட் 1 என்றால்) ஆர்32க்கு 675, ஆர்410ஏக்கு 2,088. குறைந்ததைப் போட்ட வீட்டில் கூடியதைக் கலப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

அடுத்தது நெருப்பு. ஆர்32 மெல்ல எரியக்கூடிய வகை. காற்றில் சுமார் 14 வீதம் சேர்ந்தால்தான் பற்றும். 12 சதுர மீட்டர் அறையில் ஒரு கிலோ முழுவதும் வெளியேறி நன்றாகக் கலந்தால் ஒன்றரை வீதம்தான் வரும். அதைக் கேட்டு நிம்மதியாகிவிட வேண்டாம். அது உடனே கலப்பதில்லை, நிலத்தோடு படியும். நீங்கள் குனிந்து வெல்டிங் சுவாலை பிடிக்கிற இடமும் அதுதான். வெல்டிங்குக்கு முன் ஜன்னலைத் திறந்து, பைப்புக்குள் நைட்ரஜன் ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜொயின்ட் போடுங்கள். காஸ் சுவாலையில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைட் உண்டாகும், நுரையீரலை எரிக்கும். நைட்ரஜன் ஓடினால் செம்புக்குள் கறுப்புச் செதிளும் படியாது. அந்தச் செதிள்தான் பிறகு வால்வை அடைக்கிறது.

இன்டோர் காயிலில்தான் லீக் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: அறையில் அண்மையில் அலுமாரி செய்தார்களா, சிலிக்கன் பூசினார்களா? புளித்த வினாகிரி மணம் வருகிற சிலிக்கன் காயும்போது அசெட்டிக் அமிலத்தை விடும். சில பலகைப் பசைகளிலிருந்தும் இப்படியான அமில ஆவி வரும். அந்த ஆவியும் காயில் ஈரமும் சேர்ந்தால் செம்புக்குள் எறும்புப் புற்று மாதிரிக் கிளைகிளையாக அரிக்கும். வெளியே ஊசி குத்திய அளவுகூடத் தெரியாது. அப்படியான காயிலில் ஒரு ஓட்டையை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும், மாற்றத்தான் வேண்டும். உப்புக்காற்று செய்கிற வேலை வேறு. அது அவுட்டோரில் செம்பும் அலுமினியமும் சேருகிற இடத்தில் இறகுகளை (காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளை) வெள்ளைப் பொடியாக்கும், விரலால் தொட்டாலே உதிரும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றுக் காலத்தில் அந்த யூனிட்டை நல்ல தண்ணியால் அடிக்கடி கழுவச் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி_வீடு:

நான் டெக்னீஷியன் இல்லை, வீட்டுக்காரன். எங்கள் ஏசிக்கும் வருடத்துக்கு ஒரு தடவை "காஸ் டொப் அப்" என்று பில் வருகிறது. எத்தனை கிராம் ஏற்றினீர்கள் என்று பில்லில் எழுதித் தரும்படி கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

மருதானை_26வருடம்:

கேளுங்கள் ஐயா, கட்டாயம் கேளுங்கள். தராசு வைத்து வேலை செய்கிறவர் சந்தோஷமாக எழுதித் தருவார். வருடா வருடம் ஏற்ற வேண்டி வந்தால் உங்கள் வீட்டிலும் லீக் இருக்கிறது. காஸ் குறைந்த நிலையில் ஓடினால் குளிர் குறைவதோடு நிற்காது. கம்ப்ரசரைக் குளிர்விப்பதே திரும்பி வருகிற காஸ்தான். அது குறைந்தால் கம்ப்ரசர் சூடேறி எண்ணெய் கருகும். ஆர்32இல் கம்ப்ரசரிலிருந்து வெளியேறுகிற காஸின் சூடு ஏற்கனவே கூட.

வெள்ளவத்தை_ஏசி:

அண்ணா, அக்கா, கண்டுபிடித்துவிட்டேன். பத்து நாள் ஆகிவிட்டது, ஆனால் கண்டுபிடித்துவிட்டேன்.

ரிக்கவரி மெஷின் இரவலாகக் கிடைத்தது. உள்ளே இருந்தது 610 கிராம். பிளேட்டில் 1,050. பைப் 11 மீட்டர். 7.5க்கு மேல் மீட்டருக்கு 20 கிராம் என்று போட்டிருக்கிறது, ஆக 1,120 இருந்திருக்க வேண்டும். ஏற்றிய இரண்டு தடவையில் ஒரு தடவைகூட நான் சரியான அளவு ஏற்றியிருக்கமாட்டேன் என்று இப்போது விளங்குகிறது.

வால்வுகளை மூடி பைப்போடு இன்டோருக்கு 450 வைத்தேன், காலையில் 385. அடுத்த இரவு அவுட்டோர் தனியாக. பின்னேரம் 33 டிகிரி, காலை 27. கணக்குப்படி 441 வரவேண்டும், முள் 441இலேயே நின்றது. கடற்பக்கம் இருக்கிற, எல்லோரும் பழி போட்ட அந்த அவுட்டோரில் ஒன்றுமே இல்லை. பைப்பைப் பிரித்துத் தனியாகப் பார்த்தேன், அதுவும் நல்லது. பிளேர் நட்டுகளும் நல்லது.

இன்டோரில் நுரை பூசி அரை மணி நேரம் பார்த்தும் தெரியவில்லை. பிறகு காயிலைக் கழற்றி, அன்ரியின் நீலத் தண்ணிப் பீப்பாயில் இறக்கி, 200 பிஎஸ்ஐ வைத்தேன். முதலில் இறகுகளுக்குள் தங்கிய காற்றெல்லாம் வந்தது. அது அடங்கும்வரை தூரிகையால் தட்டிவிட்டுக் காத்திருந்தேன். கால் மணி நேரம் கழித்து, நடுப்பகுதியில், மேலிருந்து நாலாவது பைப்பில், இரண்டு இறகுகளுக்கு நடுவிலிருந்து கடுகளவு குமிழ் ஒன்று மேலே வந்தது. எட்டு நொடி கழித்து அதே இடத்திலிருந்து இன்னொன்று. அன்ரியும் கிட்ட வந்து நின்று எண்ணினார். துடைத்துப் பார்த்தால் செம்பில் ஒரு ஊதாக் கறுப்புப் புள்ளி, ஓட்டையே தெரியவில்லை.

அக்கா கேட்ட கேள்வியைக் கேட்டேன். போன வருடம் அந்த அறையில் சுவர் நீளத்துக்குப் புது அலுமாரி செய்து, ஓரமெல்லாம் சிலிக்கன் பூசியிருக்கிறார்கள். பல நாள் வினாகிரி மணம் இருந்ததாம்.

புதுக் காயில் போட்டாயிற்று. பின் வால்வைக் கழற்றி, உள்ளே இருக்கிற காற்றும் ஈரமும் போகத் தடித்த குட்டை ஹோஸால் வெக்கியூம் இழுத்தேன், பம்ப் எண்ணெயும் மாற்றினேன். மைக்ரோன் கேஜ் (வெக்கியூமை அளக்கிற கருவி, எண் குறையக் குறைய நல்லது) 480 வந்ததும் மூடி, கால் மணி நேரம் விட்டேன். 620க்கு ஏறி அங்கேயே நின்றது. தராசில் வைத்து 1,120 கிராம். பில்லிலும் எழுதினேன், அவுட்டோர் மூடிக்கு உள்பக்கமும் திகதியோடு எழுதி ஒட்டினேன். முன்னம் வாங்கிய காசை என் கூலியிலிருந்து கழித்துவிட்டேன். அன்ரி வேண்டாம் என்றார், நான் விடவில்லை.

மருதானை_26வருடம்:

620இல் நின்றதுதான் முக்கியம் தம்பி. ஏறிக்கொண்டே போயிருந்தால் லீக். 1,500, 2,000 என்று போய் நின்றிருந்தால் ஈரம். 30 டிகிரியில் தண்ணி கொதிக்கவே 32,000 மைக்ரோனுக்குக் கீழே இறங்க வேண்டும். மழை நாளில் இதே வேலையைச் செய்தால் இன்னும் நேரம் கொடுங்கள், கம்ப்ரசருக்குள் இருக்கிற எண்ணெய் ஈரத்தைக் குடிக்கும். இரண்டு மாதம் கழித்து ஒரு தடவை போய், இன்டோரில் உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் வெப்பநிலை எடுத்து எழுதி வையுங்கள்.

குளிரூட்டல்_வகுப்பு:

தம்பி, அந்தப் பழைய காயிலைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிட்டீர்களா? அந்தப் புள்ளி இருக்கிற ஒரு சாண் துண்டு எனக்கு வேண்டும். குறுக்கே அறுத்து பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

வெள்ளவத்தை_ஏசி:

இல்லை அக்கா, கடையில் வைத்திருக்கிறேன். அந்த இடத்தில் சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டிருக்கிறேன். புதன்கிழமை கொண்டுவருகிறேன்.